பார் தட்டிய வள்ளமும் பெயர் மாறாத பதிவும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



மதரஸாவில் ஃபிக்ஹு நூலின் தொழுகைப் பாடத்தை முடித்துக் கொடுக்கல் வாங்கல் பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம் மாணவர்களின் கண்கள் சொருகத் தொடங்கிவிடும். ஒட்டகம், கோதுமை, பேரீச்சம்பழம், மீண்டும் ஒட்டகம். சென்ற ஆண்டு மாணவன் ஒருவன் பொறுமையிழந்து, "ஹஜ்ரத், ஒருவர் பறந்து பழசான சின்ன விமானம் ஒன்றை இன்னொருவரிடம் விலைக்கு வாங்கினால் அதற்கும் இந்தச் சட்டம்தானா?" என்று கேட்டான். வகுப்பு விழித்துக்கொண்டது. நாமும் மகிழ்ந்தோம். ஆம், அதற்கும் இதுவேதான் என்றோம். சொல்லப்போனால், விமானம் வாங்குவது எளிது. இந்தியாவில் பதிவான ஒவ்வொரு விமானத்தின் உடலிலும் 'வி.டி.' என்று தொடங்கும் அடையாளம் எழுதப்பட்டிருக்கும். அது எத்தனை மணி நேரம் பறந்தது, இயந்திரம் எப்போது பிரிக்கப்பட்டது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பவை ஏட்டில் கையெழுத்துடன் பதிவாகியிருக்கும். விற்பவர் வாய் திறக்காவிட்டாலும் ஏடு பேசும். நம் கரையில் விற்கப்படும் பழைய வள்ளத்திற்கு அத்தகைய ஏடு எதுவும் இல்லை. அங்கே விற்பவரின் நாவே ஏடு.

அந்த வள்ளக் கதையைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம். சம்பந்தப்பட்ட இரு குடும்பங்களின் அனுமதியும் பெற்றோம். பெயர்கள் வேண்டாம் என்றார்கள்.

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் தொழிலாளர்களில் நம்மவர்களும் பரதவச் சகோதரர்களும் கலந்தே கடலுக்குப் போகிறார்கள். முத்துக்குளித்தல் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. சங்குகுளி நிற்கவில்லை. வங்காளத்து மணப்பெண்களின் கைவளையாக மாறும் சங்குகள் இந்தக் கடலின் அடியிலிருந்தும் செல்கின்றன. நம்மிடம் ஓதிய இளைஞர் ஒருவர் பதினொரு ஆண்டுகளாக அந்தத் தொழிலில் இருக்கிறார். பிறர் வள்ளத்தில் போகிறவருக்குக் கிடைப்பதில் வள்ளத்துக்கு ஒரு பங்கு, இன்ஜினுக்கு ஒரு பங்கு, டீசலுக்கு ஒரு பங்கு என்று போய், மூழ்கி எடுத்தவரின் கைக்கு வருவது எஞ்சியதுதான். சொந்தமாக ஒரு வள்ளம் வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் துஆ.

இந்த ஆசையைப் பேராசை என்று நாம் கருதவில்லை. இரவல் மரக்கலத்தில் தொழில் செய்வதன் ஆபத்தை இந்த ஊர் நன்கறியும். 1906 அக்டோபர் 16 அன்று சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானபோது அதன் மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவற்றில் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு இலட்சம் ரூபாய்க்கு, வாங்கியவர் ஹாஜி முஹம்மது பக்கீர் சேட். வ.உ.சி. அவர்கள் முதலில் வாடகைக் கப்பலை வைத்தே தொழிலைத் தொடங்கினார். ஆங்கிலேயக் கம்பெனி நெருக்கியதும் கப்பலுக்கு உரியவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதன் பிறகே அவர் பம்பாய் சென்று சொந்தக் கப்பலுக்கு வழி தேடினார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. நம் பிள்ளைகளுக்கு வ.உ.சி.யின் பெயர் தெரிகிறது, பக்கீர் சேட்டின் பெயர் தெரிவதில்லை என்ற ஆதங்கம் நமக்கு உண்டு. அதை வேறொரு கட்டுரையில் எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.

இளைஞர் ஒருநாள் மக்ரிபுக்குப் பின் வந்து அமர்ந்தார். தெற்கே ஒரு கடற்கரை ஊரில் ஒரு ஃபைபர் வள்ளம் இருப்பதாகவும், இன்ஜினோடு சேர்த்து இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் கேட்கிறார்கள் என்றும், அது மலிவு என்றும் சொன்னார். உம்மாவின் நான்கு வளையல்கள், தம் சேமிப்பு, ஜமாஅத்தின் வட்டியில்லாக் கடன் நிதியிலிருந்து ஐம்பதாயிரம். இவ்வளவையும் சேர்த்தால் தொகை வந்துவிடும். "ஹஜ்ரத், எழுத்து எழுதித் தரணும். சாட்சிக் கையெழுத்தும் நீங்கதான் போடணும்" என்றார்.

சூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தை நாம் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். குர்ஆனின் மிக நீண்ட வசனம் அது. கடனை எழுதிக்கொள்வதையும் சாட்சி வைப்பதையும், சாட்சிக்கு அழைக்கப்பட்டவர் மறுக்கலாகாது என்பதையும் அது பேசுகிறது. ஆகவே மறுக்க வழியில்லை. அடுத்த வெள்ளிக்குப் பிறகு, தொழில் தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனோம்.

விற்பவர் ஐம்பத்தைந்து வயதுள்ள பரதவச் சகோதரர். இளைஞர் அவரை அண்ணாச்சி என்று அழைத்தார். நம்மை அவர் பாய் என்றார். மரியாதையான மனிதர். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். வள்ளம் மணலில் ஏற்றிவைக்கப்பட்டிருந்தது. அணியத்தில் நீல வண்ணம் புதிதாக மின்னியது. மெக்கானிக் அணியத்தைப் பார்க்கவே இல்லை. நேராக அமரத்துக்குப் போய்க் குனிந்து, அடிப்பக்கத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் ஓசை மாறியது. மீண்டும் தட்டினார். பிறகு நம்மைப் பார்த்தார்.

அண்ணாச்சி சற்று நேரம் பேசவில்லை. "உள்ளது உள்ளபடி விற்கிறேன்னு எழுதிக்கலாம் பாய். பிறகு எனக்கும் தம்பிக்கும் பேச்சு வரக்கூடாது" என்றார்.

இந்த 'உள்ளது உள்ளபடி' என்னும் சொல் நம் கடைத்தெருக்களில் சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது. பழைய பைக், பழைய குளிர்சாதனப் பெட்டி, எதை விற்றாலும் இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது என்று எண்ணுகிறோம். ஹனஃபி மத்ஹபில் குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனை செல்லும். நம் கரையில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், உயிர்ப்பிராணியில் விற்பவருக்கே தெரியாமல் மறைந்திருந்த குறையைத் தவிர வேறு எதற்கும் அது செல்லாது. இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. இப்னு உமர் (ரலி) அவர்கள் ஓர் அடிமையை 800 திர்ஹத்துக்கு, குறைகளுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லி விற்றார்கள். வாங்கியவர் நோய் ஒன்றைக் கண்டு வழக்காடினார். விற்கும்போது அந்நோயைப் பற்றித் தெரியாது என்று சத்தியம் செய்யுமாறு உஸ்மான் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் (ரலி) சத்தியம் செய்ய மறுத்துத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்த அடிமை நலம் பெற்ற பின் 1,500 திர்ஹத்துக்கு விலைபோனார் என்பது செய்தியின் பிற்பகுதி. நிபந்தனை எழுதப்பட்டிருந்தும் கேள்வி அறிந்து மறைத்தாரா என்பதிலேயே போய் நின்றதை மாணவர்களுக்கு நாம் அழுத்திச் சொல்வதுண்டு.

நாம் அண்ணாச்சியிடம் மத்ஹபு பேசவில்லை. "உள்ளது உள்ளபடி என்றே எழுதுவோம் அண்ணாச்சி, ஆனால் உள்ளது என்ன என்பதையும் கீழே எழுதிவிடுவோம்" என்றோம். அவர் சிரித்துவிட்டார். பிறகு தாமாகவே சொன்னார். மூன்று ஆண்டுகளுக்கு முன் வள்ளம் பாரில் தட்டியது. அமரத்தின் அடியில் இரண்டு முழ நீளத்துக்கு ஒட்டுப் போடப்பட்டிருக்கிறது. இன்ஜின் ஒருமுறை முழுவதும் பிரிக்கப்பட்டது. மெக்கானிக் இன்ஜினை ஓட்டிக் காதால் கேட்டார். மறுநாள் கடலில் இறக்கி இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். நீர் கசியவில்லை. இருபதாயிரம் குறைத்துக்கொள்ள அண்ணாச்சி இசைந்தார். இளைஞர் இன்னும் குறைக்க முயன்றபோது, போதும் என்று கண்ணால் காட்டினோம். அண்ணாச்சியின் மனைவிக்கு மருத்துவச் செலவு இருந்தது. நெருக்கடியில் இருப்பவரின் பொருளை அடிமாட்டு விலைக்குக் கேட்பதை நம் இமாம்கள் வெறுத்திருக்கிறார்கள்.

இந்தக் கரைக்கே உரிய ஒரு பழைய வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். முத்துக்குளித்தல் நடந்த காலத்தில் சிப்பிகள் திறக்கப்படாமலேயே ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்பட்டன. உள்ளே முத்து உண்டா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. ஏலம் எடுத்தவர் சிப்பியை அழுகவிட்டுக் கழுவித்தான் தம் விதியை அறிவார். செல்வரானவர்களும் உண்டு, வீடு இழந்தவர்களும் உண்டு. முக்குளிப்பவர் ஒருமுறை மூழ்கி எடுத்து வருவதை முன்கூட்டியே விற்பதற்குத் தடை ஹதீஸில் வந்திருக்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது எனினும், கருத்தை ஃபுகஹாக்கள் ஏற்றிருக்கிறார்கள். கரர் எனப்படும் இந்த இருட்டு வணிகத்துக்கு முத்துக்குளியையே உதாரணமாகச் சொன்ன அக்காலத்து அறிஞர்களுக்கு நம் மன்னார் வளைகுடாவின் பிள்ளைகள் கடமைப்பட்டிருக்கிறார்கள். வேறெந்த ஊர் மாணவனுக்கும் இவ்வளவு எளிதில் அது விளங்காது.

வள்ளத்தின் அடிப்பாகம் தெரிந்துவிட்டது, இன்ஜின் தெரிந்துவிட்டது. இனி எழுதலாம் என்று பதிவுத் தாளைக் கேட்டோம். மீன்வளத் துறையின் பதிவில் இருந்த பெயர் அண்ணாச்சியுடையது அன்று. அவருடைய தமையனாருடையது. அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

"அண்ணன் போன பிறகு நான்தானே ஓட்டுறேன். இன்ஜின் என் காசு" என்றார் அண்ணாச்சி. அது உண்மை. இன்ஜின் வாங்கிய ரசீதும் காட்டினார். தமையனாருக்கு மனைவி உண்டா என்று கேட்டோம். உண்டு. ஒரு மகள், ஒன்பது வயதில் ஒரு மகன். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியுமா என்றதற்கு, வெயிலைப் பார்த்தபடி, "சொல்லணும்" என்றார்.

இளைஞர் நம்மைத் தனியே அழைத்தார். "ஹஜ்ரத், அது அவங்க குடும்பத்துக்குள்ள உள்ள பேச்சு. நம்ம பேருக்கு மாத்துறதுக்கு வேற வழி இருக்காம். நாளைக்கு விட்டா வேற ஆள் கொண்டுபோயிருவான்." அவருடைய வருத்தம் நமக்கு விளங்கியது. பதினொரு ஆண்டு துஆ மணலில் நீல வண்ணத்தில் நிற்கிறது. உம்மாவின் வளையல்கள் முந்தைய நாளே விற்கப்பட்டுவிட்டன.

ஆயினும் அங்கே எழுதுவதற்கு நம் கை வரவில்லை. வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறைகளை விளக்கினால் அவர்களின் வணிகத்தில் பரக்கத் உண்டு என்ற நபிமொழியை அறிவித்த ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களே, தம்மிடம் இல்லாததை விற்கக்கூடாது என்ற நபிமொழியையும் அறிவித்திருக்கிறார்கள். அவர்கள் ஒரு வணிகர். பிறர் பொருளை உரியவரின் அனுமதியின்றி விற்றால் ஹனஃபி, மாலிகி மத்ஹபுகளில் உரியவர் இசையும் வரை அது தொங்கி நிற்கும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தில் அது வணிகமே ஆகாது. நாட்டுச் சட்டமும் இங்கே அண்ணாச்சியின் பக்கம் இல்லை. கிறிஸ்தவர்களுக்கு உரிய இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் இன்றி இறந்தவருக்கு மக்கள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்கு. சகோதரருக்குப் பங்கில்லை. நம் ஃபராயிளிலும் மகன் இருக்கச் சகோதரர் வாரிசாக மாட்டார். ஒன்பது வயதுச் சிறுவன் எந்த மார்க்கத்தவனாயினும் அநாதைதான்.

இரண்டு தெருவையும் நடந்தே போனோம். அண்ணாச்சியும் கூட வந்தார். வராமல் இருந்திருக்கலாம், வந்தார். அந்த அம்மையார் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வள்ளம் விலை பேசப்பட்டது அவருக்குப் புதிய செய்தி. கோபப்படவில்லை. ஆறு ஆண்டுகளாக அண்ணாச்சி மாதந்தோறும் அரிசியும் மகளின் படிப்புச் செலவும் கொடுத்து வருகிறார் என்பதை அவரே நம்மிடம் சொன்னார். பிறகு, "விக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல, கொழுந்தனாரே" என்றார். அவ்வளவுதான். அண்ணாச்சி தலையைத் தூக்கவில்லை.

இன்ஜினும் ஒட்டுப் போட்ட செலவும் அண்ணாச்சிக்கு, வள்ளத்தின் விலை அம்மையாருக்கும் மக்களுக்கும் என்று அவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசி முடித்தார்கள். நாம் அதில் வாய் திறக்கவில்லை. வாரிசுச் சான்றிதழ் வந்து, பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுத்து முடிய ஏழு வாரம் ஆயிற்று. அதுவரை பத்தாயிரம் அச்சாரம் கொடுக்கப்பட்டது. வாங்காவிட்டால் அச்சாரம் போய்விடும் என்னும் நம் ஊர் வழக்கைப் பெரும்பான்மை இமாம்கள் ஏற்கவில்லை. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் ஏற்றிருக்கிறார்கள். 1993இல் புரூணையில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, காத்திருக்கும் காலத்தை வரையறுத்தால் கூடும் என்றது. நாம் அந்தச் சர்ச்சைக்குள் போகாமல், பத்திரம் சரியாக வராவிட்டால் முழுத்தொகையும் திரும்பும் என்றே எழுதினோம்.

அந்த ஏழு வாரமும் இளைஞர் நம்மிடம் அதிகம் பேசவில்லை. நல்ல பருவம் கையை விட்டுப் போகிறது என்று அவர் தாயார் நம் வீட்டாரிடம் குறைப்பட்டுக்கொண்டார். அதில் நியாயமும் இருந்தது. பிறர் வள்ளத்தில் போய் அவர் இழந்த பங்கை யாரும் ஈடுகட்டவில்லை.

எழுத்து எழுதிய நாளில் ஒட்டின் நீளம், இன்ஜின் பிரிக்கப்பட்ட விவரம் எல்லாம் வரிவரியாக இடம்பெற்றன. பணம் இரண்டு உறைகளில் போடப்பட்டது. அம்மையாரின் உறை அவருடைய கையிலேயே கொடுக்கப்பட்டது. அவர் இரண்டு முறை எண்ணினார். சிறுவன் அணியத்தில் எழுதியிருந்த தன் தந்தையின் பெயரைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான்.

இரண்டு மாதம் கழித்து இன்ஜினின் தண்ணீர் பம்பு கடலிலேயே நின்றது. இளைஞர் நம்மிடம் வந்து அண்ணாச்சியைக் கேட்கலாமா என்றார். ஒப்படைத்த பிறகு ஏற்பட்ட குறைக்கு விற்றவர் பொறுப்பாக மாட்டார், கேட்க உரிமையில்லை என்றோம். அவர் கேட்கவில்லை. எப்படியோ செய்தி போய், அண்ணாச்சி பழுதுச் செலவில் பாதியை ஆள் மூலம் அனுப்பியிருந்தார். "வாங்கலாமா ஹஜ்ரத்?" என்றார் இளைஞர். அன்பளிப்பாக வந்தால் வாங்கலாம் என்றோம். வாங்கிக்கொண்டார், அடுத்த முறை கரைக்கு வந்தபோது ஒரு கூடை மீனோடு அந்த ஊருக்குப் போய்வந்தார்.