லிங்க் இல்லாத ரிப்போர்ட்டை யார் படிப்பாங்க?

உங்க டிபார்ட்மென்ட் சர்வர்ல கிரான் ஜாப் ஏதாவது ஓடுதா? பேக்கப், பிராஜெக்ட் டேட்டா சேகரிப்பு, எதுவானாலும் சரி. சர்வர்ல மெயில் வசதி இருந்தா, ஜாப் வெளியிடும் எழுத்தையெல்லாம் கிரான் அப்படியே மெயிலாக அனுப்பிவிடும். யாருக்குப் போகணும்னு கிரான்டேப்ல 'மெயில்டூ' என்ற ஒரு வரி சொல்லும்.

இப்போ நேர்மையா சொல்லுங்க, அந்த மெயிலைக் கடைசியா எப்போ திறந்தீங்க?

இதைச் சோம்பேறித்தனம்னு நான் சொல்லமாட்டேன். "பேக்கப் முடிந்தது, விவரம் லாக் ஃபைலில்" என்று மட்டும் மெயில் சொன்னா, அந்த லாக்கைப் பார்க்க லேப்டாப்பைத் திறக்கணும், எஸ்எஸ்ஹெச் போடணும், பாஸ்வேர்டு ஞாபகம் வரணும். காலேஜ் பஸ்ல நின்னுக்கிட்டு மொபைல் பார்க்கிறவங்க இதையெல்லாம் செய்வாங்களா? நாலு நாள் பார்த்துட்டு, ஃபில்டர் போட்டு ஒதுக்கிடுவாங்க. அப்புறம் ஒரு நாள் பேக்கப் நிஜமாவே ஃபெயில் ஆனா, அந்தச் செய்தியும் அதே ஃபோல்டர்லதான் தூங்கும். ஹார்டு டிஸ்க் போற அன்னைக்குத்தான் விஷயம் தெரியவரும்.

எங்க பிராஜெக்ட் டீம்ல இதுக்குச் செஞ்ச வைத்தியம் ரொம்பச் சின்னது. லாக் ஃபைலை வெப் சர்வர் காட்டும் ஃபோல்டரில் வைத்து, லாகின் போட்டுப் பூட்டி, அதன் முழு முகவரியை மெயிலில் சேர்த்தோம். ஹெச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் முகவரியைப் பெரும்பாலான மெயில் ஆப்கள் தாங்களே லிங்க் ஆக்கிவிடும். ஆனா சில இடங்களில் கவனம் வேணும்.

முகவரியைத் தனி வரியில் போடுங்க. வாக்கியத்தின் முற்றுப்புள்ளி ஒட்டிக்கிட்டா லிங்க் உடையலாம். ஃபைல் பெயரில் இடைவெளி இருந்தா, லிங்க் அங்கேயே அறுந்துவிடும். 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதினா, கிளிக் செய்பவரின் மெஷினையே அது தேடும். ஃபைல் பெயரில் தேதி சேர்க்க கிரான்டேப் வரியிலேயே % போட்டா, கிரான் அதைப் புது வரியாக எடுத்துக்கும். அந்தக் கட்டளையைத் தனி ஸ்கிரிப்ட்டில் வைப்பது நல்லது.

"லாக் பார்க்க" என்ற சொல்லின் மேலேயே லிங்க் வேணும்னா ஹெச்டிஎம்எல் மெயில்தான் வழி. 'கன்டென்ட்-டைப்' ஹெடரில் அதைச் சொல்லாவிட்டால், டேக் எல்லாம் வெறும் எழுத்தாகக் கொட்டும். பைத்தானின் இமெயில் மாட்யூலில் டெக்ஸ்ட், ஹெச்டிஎம்எல் இரண்டையும் ஒரே மெயிலில் வைக்கலாம். எது முடியுமோ அதை ஆப் காட்டிக்கொள்ளும்.

முக்கியமா ஒண்ணு. "மறுபடி ஓட்டு", "பழசை அழி" மாதிரி வேலை செய்யும் லிங்க்கை மெயிலில் நேரடியாக வைக்காதீங்க. வைரஸ் இருக்கானு பார்க்கும் சில மெயில் பாதுகாப்பு மென்பொருள்கள், நீங்க தொடும் முன்பே லிங்க்கைத் திறந்து பார்க்கும். அது திறந்தாலே அழிச்சிடும்னா, பழியை யார் மேல போடுவீங்க? லிங்க் காட்டட்டும், செய்யும் வேலை உள்ளே இருக்கும் பட்டனுக்கு.

சப்ஜெக்ட் வரியின் முதல் சொல்லிலேயே பாஸா ஃபெயிலா என்று தெரியட்டும். இன்னைக்கு ராத்திரி ஜாப் ஓடும் முன்னாடி உங்களுக்கே ஒரு சோதனை மெயில் அனுப்பி, லேப்டாப்ல இல்லாம மொபைல்ல தொட்டுப் பாருங்க. அங்க திறந்தா, மத்தவங்களும் திறப்பாங்க.