சங்கிலி இல்லாத படம்

பெருநாளுக்கு முன்னர் வீட்டுச் சுவர்களுக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்று மனைவி பிடிவாதமாக நின்றதால், என் புத்தக அலுமாரி இடம்பெயர நேர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதிக் கடலில் இடுப்பளவு நனைந்தும் தப்பிப் பிழைத்த அலுமாரி அது. கீழ்த்தட்டில் உப்புக்கறை இன்னமும் இருக்கிறது. அதன் பின்புறமாக விழுந்து கிடந்த காக்கி உறை ஒன்றை, வெள்ளையடிக்க வந்த பையன்தான் எடுத்துத் தந்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்பது திறக்காமலே எனக்குத் தெரியும். இருபது வருடங்களாகத் தெரியும்.

உள்ளே ஒரு சித்திரம். தடித்த வரைதாளில், கறுப்பு மையில், தூரிகையாலும் பேனாவாலும் வரைந்தது. அகதிக் கூடாரம் ஒன்றின் உட்புறம். பாயில் ஓர் ஆண் உறங்குகிறான். அவனருகே இன்னோர் ஆண் விழித்தபடி உட்கார்ந்திருக்கிறான். விழித்திருப்பவனின் கை உறங்குபவனின் தலைமீது இருக்கிறது. பாயின் ஓரத்தில், போலியோவால் சூம்பிய காலுக்கு மாட்டும் இரும்புக் கம்பிச் சப்பாத்து கழற்றி வைக்கப்பட்டிருக்கிறது. கூடாரத்தின் திறந்த வாயில் வழியே கடல், ஒரு கோடாக. அலையில்லை, ஆர்ப்பாட்டமில்லை. ஒருவரும் தலைமயிரைப் பிய்த்துக்கொள்ளவில்லை.

2005இன் முற்பகுதியில், கொழும்பிலிருந்து வெளிவந்த பத்திரிகையொன்றின் ஞாயிறு இதழுக்கு நான் ஒரு கட்டுரை எழுதினேன். இலங்கையில் அந்தக் கடல் கொண்டுபோன முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அம்பாறை மாவட்டத்துக்குரியவை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று எங்கள் கரை நெடுகிலும் முகாம்கள். அரிசி, சமையற்பாத்திரம், கூடாரம் ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். இரவில் உறங்க முடியாதவர்களைப் பற்றி நான் எழுதினேன். தண்ணீர்ப் பவுசர் வரும் இரைச்சல் கேட்டாலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாத்திரமே உட்காரக்கூடியவர்கள், யாரோடும் பேசாமல் மணலை அளைந்துகொண்டிருந்த ஓர் இளைஞன். அந்த நாளில் கிழக்கு மாகாணம் முழுவதற்கும் மனநல வைத்திய நிபுணர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. ஓதிய தண்ணீரும் தகடும் எங்கும் கிடைத்தன. குளிசை கிடைப்பதுதான் அரிது.

கட்டுரைக்கான படத்தை எங்கள் கரையோரத்து ஊர் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவரிடம் கேட்டிருந்தேன். பெயர் சொல்லமாட்டேன். எழுதுவதற்கு அவர் அனுமதி தந்திருக்கிறார், பெயருக்கு அல்ல. சிறுவயதில் போலியோ வந்து ஒரு கால் பலவீனமானவர். முறையாக ஓவியம் பயின்றவரல்லர். 'சிரித்திரன்' இதழில் சுந்தர் போட்ட கோடுகளையும், பின்னர் அக்கரைப்பற்றுக் கவிஞர் ரஷ்மி வரைந்த நூல் அட்டைகளையும் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டவர். என்னைக் 'காக்கா' என்றுதான் அழைப்பார். ஒரு படத்துக்குப் பத்திரிகை கொடுத்தது 150 ரூபா. அதுவும் மூன்று மாதம் கழித்து.

சித்திரத்தை நானே கொழும்புக்குக் கொண்டுபோனேன். பக்கப் பொறுப்பாளர் அதை மேசைவிளக்கின் கீழே வைத்துப் பார்த்தார். "இதில் மனநோய் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். சற்றுப் பொறுத்து, "இந்த இரண்டு ஆம்பிளைகளும் என்ன செய்கிறார்கள்?" என்றும் கேட்டார். முதற் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டாவதற்கும் இருந்திருக்க வேண்டும். ஆனால் சொல்லவில்லை. கணினியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொன்னவன் நான்தான். அவர் வற்புறுத்தவில்லை என்பதையும் இங்கே பதிந்துவிட வேண்டும்.

கிடைத்தது, 2001இல் ஏர்வாடிச் செய்திக்காக யாரோ வரைந்த படம்: தூணோடு சங்கிலியிட்ட ஒரு கால்.

ஏர்வாடியை மறந்திருக்கமாட்டீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆந் திகதி அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றின் ஓலைக்கொட்டகை தீப்பற்றியது. மனநோயாளர்கள் கட்டிலோடும் கம்பத்தோடும் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தனர். அங்குள்ள தர்காவுக்கு எங்கள் ஊர்களிலிருந்தும் நேர்ச்சை வைத்துப் போய்வருவதுண்டு. ஆகவே அந்தச் செய்தி எங்களுக்கு இந்தியச் செய்தியாக இருக்கவில்லை. அன்று அந்தச் சங்கிலிப் படம் சரியானது. அது ஒரு குற்றச்சாட்டு. சங்கிலியிட்டவர்களைப் பார்த்து நீட்டிய விரல்.

ஆனால் ஒரு படத்தைக் கோப்பில் போட்டு வைத்தால் அதற்கு நேரும் கதி வேறு. குற்றச்சாட்டாக வரையப்பட்ட சங்கிலி, நான்கு வருடத்தில் மனநோய்க்கான அடையாளச் சின்னமாகிவிட்டது. வெள்ளப்பெருக்கென்றால் குடை, தேர்தலென்றால் வாக்குப்பெட்டி, மனநோயென்றால் சங்கிலி. நாங்கள் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை. தமிழ்ச் சஞ்சிகைகளின் 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி' நகைச்சுவைத் துணுக்குகளைப் படித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. எங்கள் நாட்டில் 'அங்கொடை' என்பது ஓர் ஊரின் பெயராக வழங்குவதைவிட வசையாக வழங்குவதே அதிகம். கூனும் குருடும் கதைப்படங்களில் வில்லனுக்கோ பிச்சைக்காரனுக்கோ உரியவை. பெண்மை தோய்ந்த ஆண் என்றால் இடுப்பை ஒடித்து, கைக்குட்டை பிடித்து நிற்கவேண்டும். கோடு போடுபவர்கள் கெட்டவர்களல்லர். வாசகனுக்கு ஒரு நொடியில் விளங்கவேண்டும் என்பது பத்திரிகையின் விதி. ஏற்கெனவே மனதில் கிடப்பதுதான் ஒரு நொடியில் விளங்கும்.

கட்டுரை வெளியான கிழமையே, சாய்ந்தமருது முகாமில் மணல் அளைந்துகொண்டிருந்த அந்த இளைஞனின் உம்மா என்னைத் தேடி வந்துவிட்டார். கையில் அந்தப் பக்கம் நாலாக மடித்திருந்தது. அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. படம் வாசிக்கத் தெரிந்திருந்தது. "எண்ட புள்ளைய நாங்க சங்கிலி போட்டா வெச்சிருக்கம், மகன்?" என்று கேட்டார். ஆயிரத்து இருநூறு சொற்களில் நான் கவனமாக எழுதியிருந்த எதுவும் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை. 2003இலேயே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம், தற்கொலைச் செய்திகளை எப்படி எழுதவேண்டும் என்று பத்திரிகையாளர்களுக்கு ஒரு கைநூல் வெளியிட்டிருந்தது. அதை என் மேசையில் வைத்திருந்தவன் நான். சொல்லைக் காத்தேன், படத்தைக் கைவிட்டேன்.

அடுத்த வாரம் ஓவியர் வந்தார். கடற்கரைப் பள்ளிவாசலுக்கு அப்பால், இடிந்த சுவரொன்றின் மேல் உட்கார்ந்தோம். ஏன் போடவில்லையென்று அவர் கேட்கவில்லை. "காக்கா, ஒரிஜினல் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"அச்சகத்தில தவறிட்டு, தம்பி" என்றேன்.

ஏன் அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். திருப்பிக் கொடுத்தால் ஏன் போடவில்லை என்ற பேச்சு வரும், பேச்சு வந்தால் அந்தக் கையைப் பற்றிப் பேசவேண்டி வரும் என்று பயந்தேன் போலும். பேச்சு எப்படியோ வந்தது. அவர்தான் சொன்னார். உறங்குபவன் அவருடைய கூட்டாளி. அவனுடைய குடும்பத்தில் ஆறுபேரைக் கடல் கொண்டுபோயிருந்தது. "அவன் தூங்கணுமெண்டா யாராவது முழிச்சிருக்கணும் காக்கா. கடல் வந்தா எழுப்பணும்." ஓட முடியாத காலோடு, கம்பிச் சப்பாத்தையும் கழற்றி வைத்துவிட்டு, இவர் காவல் இருந்திருக்கிறார். நாற்பத்தொரு இரவுகள் என்று கணக்குச் சொன்னார். கூட்டாளி என்ற சொல்லுக்கு அப்பால் அவர் வேறு சொல் எதுவும் பாவிக்கவில்லை. அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்திலேயே எனக்கு விளங்கியது. நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல் இருந்தால்தானே பாவிப்பதற்கு? அக்காலத்தில் பத்திரிகைத் தமிழில் இருந்தது 'ஓரினச்சேர்க்கை'. பொலிஸ் செய்தியின் நாற்றமடிக்கும் சொல். தெருவில் இருந்தது 'ஒம்பது'. தன்பாலீர்ப்பு, பால்புதுமையினர் போன்ற சொற்கள் எங்கள் கரைக்கு வந்து சேர நெடுங்காலமாயிற்று. விசித்திரம் என்னவென்றால், ஓதப்பள்ளியில் எங்களுக்குப் படித்துத்தந்த பிக்ஹு நூல்களில் ஆணென்றும் பெண்ணென்றும் தீர்மானிக்க முடியாத 'குன்ஸா'வுக்குத் தொழுகை வரிசையில் ஓரிடமும் வாரிசுரிமையில் ஒரு கணக்கும் இருந்தன. உடலைப் பற்றியதுதான் அந்தச் சட்டம், மனதைப் பற்றியதல்ல என்பதை அறிவேன். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிமுமல்லன். ஆனாலும், கண் தெரியாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் வந்தபோது முகம் சுளித்ததற்காக நபியவர்களையே இறைவன் கண்டித்த 'அபஸ' அத்தியாயத்தைத் தொழுகையில் ஓதிவிட்டு, வெளியே வந்து ஒரு நொண்டிப் பையனுக்குப் பட்டப்பெயர் வைப்பவர்களாகவும் நாங்கள் இருந்தோம்.

சட்டம் இன்னும் பழையது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள். 1995இல் திருத்தியபோது நீக்கவில்லை. 365அ பிரிவிலிருந்த 'ஆண்' என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பெண்களையும் குற்றவாளிகளாக்கினார்கள். சமத்துவம் இப்படியும் வரும்! பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த திருத்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்லவென்று 2023 மே மாதம் உயர்நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 செப்டம்பரில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டபோது அது நிறைவேறாமலே நின்றுபோனது. ஊரின் சட்டம் இவை எல்லாவற்றுக்கும் மேலானது. 2012இல் ஒரு வானொலிப் பேட்டியில் பாலியல் தொழில் பற்றிச் சொன்ன ஒரு கருத்துக்காக ஏறாவூர் எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

கூட்டாளியைக் கட்டாருக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது கலியாணம் முடித்து வைத்தார்கள். ஓவியர் 2008இல் நாட்டைவிட்டுப் போனார். போன இடத்தில் முதல் மூன்று வருடம் கோடு போடவில்லை என்றும், ஒரு வைத்தியசாலையில் சில மாதங்கள் இருந்ததாகவும் பிற்பாடுதான் அறிந்தேன். இப்போது அங்குள்ள பத்திரிகைகளுக்கும் சஞ்சிகைகளுக்கும் சித்திரம் வரைவதுதான் அவருடைய தொழில். இடையிடையே மின்னஞ்சலில் யாராவது ஓர் ஓவியரைப் பற்றி எழுதுவார். எனக்குப் பாடம் நடத்துகிறார் என்று அப்போது தோன்றவில்லை.

ஜோன் கலகனை அப்படித்தான் அறிந்தேன். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்துக் கேலிச்சித்திரக்காரர். 1972இல், 21 வயதில், கார் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்து, இரண்டு கைகளாலும் பேனாவை இறுக்கிப் பிடித்து வரைந்தவர். பாலைவனத்தில் குதிரைவீரர்கள் வெறும் சக்கர நாற்காலியொன்றைச் சூழ்ந்து நின்று, தப்பியவன் நடந்து வெகுதூரம் போயிருக்கமாட்டான் என்று பேசிக்கொள்ளும் படம் அவருடையது. நான் சிரிக்கலாமா கூடாதா என்று தடுமாறினேன். "சிரியுங்க காக்கா, நொண்டியே சிரிக்கச் சொல்றான்" என்று பதில் வந்தது.

லயன்டெக்கரின் கதை வேறு விதம். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் 'சற்றர்டே ஈவினிங் போஸ்ட்' இதழுக்கு முந்நூற்றுக்கு மேற்பட்ட அட்டைப்படங்கள் வரைந்தவர். 'ஏரோ' கொலர் விளம்பரங்களில் அவர் வரைந்த கம்பீரமான ஆணழகனை அமெரிக்கப் பெண்கள் உண்மை ஆளென்று நம்பிக் காதற் கடிதம் எழுதினார்களாம். அந்த முகத்துக்கு மாதிரியாக நின்றவர் சார்ள்ஸ் பீச். லயன்டெக்கருடன் ஏறக்குறைய ஐம்பது வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர். ஒரு தேசமே பார்த்த முகம். யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பது மட்டும் தேசத்துக்குத் தெரியாது.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் உலுப்பியது சிக்காகோ ஓவியர் ரீவா லேரர். 1958இல் முள்ளந்தண்டுக் குறைபாட்டுடன் பிறந்தவர். குறைபாடுடையவர்களையும் பால்புதுமையினரையும் உருவப்படங்களாக வரைபவர். 2020இல் தன் வாழ்க்கையை நூலாக எழுதினார். அவருடைய ஓர் ஓவிய வரிசையில், படத்துக்கு இருப்பவரைத் தன் வீட்டில் தனியே விட்டுவிட்டு அவர் வெளியே போய்விடுகிறார். அந்த நேரத்தில் அந்த ஆள் தன் படத்தில் விரும்பியதை மாற்றலாம், சேர்க்கலாம். இதைப் படித்த அன்று அந்தச் சாய்ந்தமருது உம்மாவை நினைத்தேன். அச்சுக்குப் போகமுன் அவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டியிருந்தால்? அப்படிக் காட்டும் வழக்கம் எந்தப் பத்திரிகையிலும் இல்லை. காட்டாமலிருப்பதைத் தொழில் நெறி என்றே எனக்குக் கற்பித்தார்கள்.

உறையைக் கண்டெடுத்த இரவு ஓவியருக்கு எழுதினேன். படம் தொலையவில்லை, நான் பொய் சொன்னேன் என்று. காரணம் எதுவும் எழுதவில்லை. பதில் மறுநாள் ஸுபஹுக்குப் பிறகு வந்தது. அச்சகத்துக்கு அந்தப் படம் போகவேயில்லை என்பதைப் பக்கம் வடிவமைத்தவர் அந்த மாதமே தனக்குச் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தார். எப்போதாவது அனுப்புவேன் என்று இருந்தாராம். ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டாம், தாளாகவே அனுப்புங்கள் என்று ஒரு முகவரி. கூட்டாளி இன்னும் ஊரில்தானா என்று கேட்டிருந்தார். இருக்கிறான். கடைசிப் பிள்ளை இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறது. அதையும் எழுதி அனுப்பினேன்.

திங்கட்கிழமை கல்முனைத் தபாலகத்துக்குப் போனேன். மட்டை உருளையொன்றில் சுருட்டி, நீர் புகாதபடி பொலித்தீன் சுற்றியிருந்தேன். கருமபீடத்திலிருந்த பெண்பிள்ளை சுங்கப் படிவத்தைத் தந்தாள். உள்ளிருக்கும் பொருள் என்ற இடத்தில் 'சித்திரம் – 1' என்று எழுதினேன். பெறுமதி என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். "சேர், இதையும் நிரப்பணும்" என்றாள்.

150 ரூபா என்று எழுதினேன். அவள் அதையும் தபாற்செலவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுக்கா சேர் இவ்வளவு கட்டி அனுப்புறீங்க?" என்றாள். கட்டினேன்.