ஒரு சாண் வயர்

தொழிற்சாலையில் ஆட்குறைப்பு செய்தபோது அப்பாவுக்கு 54 வயது. அடுத்த மாதமே உணவு டெலிவரிக்கு மோட்டார் ஓட்டப் போய்விட்டார். கிள்ளானின் பழைய சந்துகள் அவருக்கு அத்துப்படி. புதிய தாமான்கள்தான் சிக்கல். அதற்குக் கைப்பேசியில் வரைபடம் திறந்தே இருக்க வேண்டும், பேட்டரி தாங்காது.

சீட்டுக்கு அடியில் ஒரு சார்ஜர் வைத்து, பாசார் மாலாமில் 5 வெள்ளிக்கு வாங்கிய கேபிளைக் கைப்பிடி வரைக்கும் இழுத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே 28 ஏடபிள்யூஜி, முடி மாதிரி செம்பு. ஒன்றரை மீட்டர் போய் வர 0.6 ஓம் தடை. 2 ஆம்பியர் இழுத்தால் 5 வோல்ட்டில் 1.2 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். சார்ஜ் ஏறுகிற மாதிரி காட்டும், ஏறாது.

"நான் செஞ்சு தர்றேன்ப்பா."

மின்பொறியியல் படித்தவன் வேறென்ன சொல்வான்? 20 ஏடபிள்யூஜி கம்பி வாங்கினேன். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ். 5 வோல்ட்டாக மாற்றும் பெட்டியைக் கைப்பிடிக்கு நகர்த்தினேன். நீண்ட தூரத்தை 12 வோல்ட்டில் கடந்தால் மின்னோட்டம் பாதிக்கும் கீழே குறையும், இழப்பும் குறையும். நைலான் டை போட்டு வயரைச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினேன். பார்க்கவே அழகாக இருந்தது.

"கொஞ்சம் லூசா விடேன்டா."

"தொங்குனா அசிங்கமா இருக்கும்ப்பா."

இரண்டு மாதம் ஓடியது. ஒரு மழை இரவு, 12 மணியாகியும் அப்பா வரவில்லை. அழைத்தால் லைன் போகவில்லை. தெருவில் மோட்டார் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா எழுந்து கேட் வரைக்கும் போய் வந்தார். ஒன்றரை மணிக்கு முழுக்க நனைந்து வந்து சேர்ந்தார். கைப்பேசி அணைந்து, ஒரே மாதிரி வரிசை வீடுகளுக்கு நடுவில் வழி தெரியாமல் சுற்றியிருக்கிறார். "ஒண்ணும் இல்ல, மழைக்கு ஒதுங்கிட்டேன்" என்றார் அம்மாவிடம்.

மறுநாள் வயரைப் பிரித்தேன். மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. கைப்பிடி திரும்பும் கழுத்துப் பகுதியில், நான் ஈயம் வைத்துப் பற்றவைத்த இணைப்பின் ஓரத்தில், செம்பு இழைகள் எல்லாம் அறுந்திருந்தன. ஈயம் இழைகளுக்குள் ஊறி இறுகிவிடும். அது முடிகிற இடத்தில்தான் மடிப்பு முழுவதும் விழும். தடையைக் கணக்குப் போட்டவன், அப்பா ஒரு நாளில் எத்தனை முறை கைப்பிடியைத் திருப்புவார் என்று யோசிக்கவில்லை.

இந்த முறை மெல்லிய இழைகள் நிறைய உள்ள சிலிக்கோன் உறை வயர் எடுத்தேன். கழுத்தில் இணைப்பே இல்லை. மற்ற இடங்களில் ஈயத்துக்குப் பதிலாக நெருக்கிப் பிடிக்கும் முனைகள். டை போடப் போனபோது அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். கைப்பிடியை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பார்த்துவிட்டு, கழுத்தில் ஒரு சாண் வயரை வளைவாக விட்டார்.

"ஃபேக்டரில ஆடுற மிஷினுக்கெல்லாம் இப்படித்தான் விடுவோம்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னேனே," என்றார் அப்பா. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.