பால் கொடுக்கும் தாய் பட்டினி கிடக்கலாமா?

பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்று சொல்வது நம் வழக்கம். அந்த உடம்பு தேறுவதற்குள்ளேயே 'இப்படிக் குண்டாயிட்டியே!' என்று சொல்வதும் இப்போது வழக்கமாகி விட்டது. பார்க்க வருகிறவர்கள் குழந்தையின் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை, தாயின் இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி விட்டுத்தான் காபியைக் கையில் வாங்குகிறார்கள்.

என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது இதே கதைதான். மாசமாக இருந்தபோது பதினான்கு கிலோ கூடியிருந்தாள். பிரசவத்தோடு ஆறு கிலோ இறங்கியது. மீதி அப்படியே நின்றது. இரண்டு மாதத்தில் நாத்தனார் கல்யாணம். பட்டுப் புடவையின் ரவிக்கையைப் போட்டுப் பார்த்தாள், கொக்கி எட்டவில்லை.

அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாடு நின்றது. காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும், மத்தியானம் ஒரு கரண்டி சாதம். கேட்டால், "பசிக்கலைம்மா" என்பாள். பால் கொடுக்கிறவளுக்குப் பசிக்காமல் இருக்குமா? ஒரு வாரத்தில் எழுந்தால் தலை சுற்றல். குழந்தையும் இரவில் சிணுங்கியது. என் மாமியார், "பால் பத்தலைடி, பவுடர் வாங்கிக் கரைச்சுக் குடு" என்று தொடங்கி விட்டார்.

டப்பா வாங்குவதற்கு முன் டாக்டரிடம் போவோம் என்று இருவரையும் அழைத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா குழந்தையை நிறுத்துப் பார்த்தார். எடை சரியாக ஏறியிருந்தது. தினம் ஆறு தடவைக்குக் குறையாமல் துணி நனைகிறதா என்று கேட்டார். நனைகிறது என்றோம். "அப்போ பால் போதுது. பவுடர் வேண்டாம்" என்றவர் என் மகள் பக்கம் திரும்பி, "நேத்து ராத்திரி நீ என்னம்மா சாப்பிட்டே?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் விளக்கியதை எல்லாப் பெண்களும் தெரிந்துகொள்ள வேண்டும். தாய் குறைவாகச் சாப்பிட்டாலும், பால் முதலில் அவள் உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு சுரக்கும். அதனால் முதலில் விழுவது தாய்தான். பட்டினி தொடர்ந்தால் பாலும் குறையும். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் தினம் 600 கலோரியும், பிறகு ஒரு வயது வரை 520 கலோரியும் கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் கணக்கு. கர்ப்பத்தில் சேர்ந்த கொழுப்பும் பாலுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகும். ஆகவே அளவோடு சாப்பிட்டாலே எடை மெல்ல இறங்கும். வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் இறங்க வேண்டாம். நாள் சாப்பாடு 1,800 கலோரிக்குக் கீழே போக வேண்டாம். பிரசவமான முதல் ஆறு முதல் எட்டு வாரம் எடைக் குறைப்பைப் பற்றி நினைக்கவே கூடாது. இளைக்கும் மாத்திரை, பொடி எதையும் தொடக் கூடாது.

வீட்டுக்கு வந்து அடுப்படிக் கணக்கைப் பார்த்தேன். குறைக்க வேண்டியவை நிறையவே இருந்தன. எலுமிச்சை அளவு லேகியம் நெல்லிக்காய் அளவாயிற்று. சாதத்தில் குளமாக நின்ற நெய் ஒரு ஸ்பூனாயிற்று. நாலு டம்ளர் பாலிலும் இருந்த சர்க்கரை போயிற்று. வந்தவர்கள் கொடுத்த அல்வாவும் மிக்சரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போயின.

பருப்பு, முட்டை, மீன், முருங்கைக்கீரை, தயிர் எதிலும் கை வைக்கவில்லை. மூன்று வேளையை ஐந்தாகப் பிரித்தேன். காலை பதினொரு மணிக்குச் சுண்டல், சாயங்காலம் ஒரு பழம், ராத்திரி கேழ்வரகு தோசையும் சாம்பாரும். "தண்ணி குடிச்சா வயிறு வைக்கும்" என்று மாமியார் தடுத்துப் பார்த்தார். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தேன். இரும்பு, கால்சியம் மாத்திரைகளைப் பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும், அதையும் நிறுத்தவில்லை.

சாயங்காலம் குழந்தைக்குப் பால் கொடுத்து, மார்பு கனமில்லாமல் இருக்கும்போது, மொட்டை மாடியில் இருபது நிமிஷம் நடந்தாள். போகப் போக அரைமணி ஆயிற்று. ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டர் சொன்ன பிறகுதான் நடையைக் கூட்ட வேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டு நடந்தும் எடை ஏறிக்கொண்டே போனால், ஓயாத அசதியும் இருந்தால், தைராய்டு பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

கல்யாணத்துக்குள் மூன்று கிலோ இறங்கியிருந்தது. ரவிக்கைக்கு அது போதவில்லை. தையற்காரர் உள்ளே மடித்து விட்டிருந்த துணியைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தார், அழகாகப் பொருந்தியது. பந்தலில் யாரோ இடுப்பைப் பற்றி ஆரம்பித்தபோது என் மாமியாரே, "பிள்ளைக்குப் பால் குடுக்கிறா, அப்படித்தான் இருப்பா" என்று வாயை அடைத்து விட்டார்!

பத்து மாதத்தில் ஏறிய எடை இறங்கவும் அத்தனை மாதமாவது வேண்டாமா? தாய்மார்களே, உங்கள் பெண்ணோ மருமகளோ "பசிக்கலை" என்று தட்டைத் தள்ளினால், அப்படியே எடுத்து வைத்து விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தோசையாவது சாப்பிட வையுங்கள்.