லீடரைத் தனியாக எண்ணலாமா?

வட்ட இயக்கக் கணக்கு என்றால் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஏன்தான் இப்படி வேப்பங்காயாகக் கசக்கிறதோ! கால்நடை டாக்டர் ஆகவேண்டும் என்று ஐந்தாம் வகுப்பிலிருந்து சொல்லிவந்த என் பெண், இந்தப் பாடம் வந்ததும், "காமர்ஸ் குரூப்புக்கே மாறிடறேம்மா" என்று ஆரம்பித்துவிட்டாள். எனக்குப் பகீரென்றது.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். எல்லாக் கணக்கிலும் ஒரே கோளாறுதான். எடை, கயிற்றின் இழுவிசை என்று எழுதிவிட்டு, மையநோக்கு விசையையும் மூன்றாவதாகச் சேர்த்திருந்தாள்.

"உன் வகுப்பில் எத்தனை பேர்?"

"நாற்பது."

"லீடரோட சேர்த்து நாற்பத்தொண்ணா?"

"அவளும் நாற்பதுல ஒருத்திதானேம்மா!"

அவ்வளவுதான் விஷயம். மையநோக்கு விசை என்பது ஒரு பதவி. கயிற்றில் கட்டிச் சுற்றும் கல்லுக்கு அந்தப் பதவி கயிற்றின் இழுவிசைக்கு. வளைவில் திரும்பும் பஸ்ஸுக்கு டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வுக்கு. சந்திரனுக்குப் பூமியின் ஈர்ப்புக்கு. பதவியில் யார் என்று முதலில் கண்டுபிடி, பிறகு அதை வேக வர்க்கம் பெருக்கல் நிறை வகுத்தல் ஆரத்துக்குச் சமன்படுத்து என்றேன்.

அப்புறம் மொட்டை மாடிக்குப் போனோம். சின்ன பிளாஸ்டிக் வாளியில் பாதித் தண்ணீர். (கைக்குழந்தைகளைக் கீழேயே விட்டுவிடுங்கள்!) தோளிலிருந்து தண்ணீர் வரை ஏறக்குறைய 1 மீட்டர். தலைக்கு மேலே வரும்போது சிந்தாமலிருக்க வேக வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் குறைந்தது 9.8 வரவேண்டும். வேகம் விநாடிக்கு 3.13 மீட்டர்; வட்டத்தின் சுற்றளவு 6.28 மீட்டர். ஆக, ஒரு சுற்றுக்கு 2 விநாடி. அதைவிட வேகமாகச் சுற்றினாள், சொட்டுகூட விழவில்லை. மெதுவாகச் சுற்றிப் பார்க்கிறேன் என்று தலையை நனைத்துக்கொண்டது தனிக் கதை.

துணி பிழியும் வாஷிங் மெஷினையும் விடவில்லை. நிமிடத்துக்கு 600 சுற்று, டிரம்மின் ஆரம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு போட்டதில், முடுக்கம் புவியீர்ப்பைப் போல் சுமார் 80 மடங்கு வந்தது! துணியை டிரம்மின் சுவர் உள்நோக்கித் தள்ளி வளைக்கிறது. துளைக்கு நேரே வந்த தண்ணீரைப் பிடித்து வளைக்க ஆளில்லை. தொடுகோட்டில் நேரே ஓடிவிடுகிறது.

"அப்போ ராட்டினம் உச்சிக்குப் போறப்ப உடம்பு லேசாகுதே, அதுவும் இதானாம்மா?"

"அங்கே பதவியில் யாருன்னு நீயே பார்" என்றேன். எடையா, இருக்கை தாங்கும் விசையா என்று முணுமுணுத்தவள், ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கவேண்டும் என்று தானே கண்டுபிடித்துப் பென்சிலைத் தேடினாள்.