தின்னவேலிக் கத்தரி

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதியால் வடக்கே சென்றால் சிறிது நேரத்தில் திருநெல்வேலி வந்துவிடும். ஊரவர் வாயில் அது 'தின்னவேலி'. இன்று பல்கலைக்கழகத்தால் அறியப்படும் இவ்வூர், தோட்டத்துக்கும் சந்தைக்கும் பேர்போனது. 'தின்னவேலி ஊதா' என்ற கத்தரி இனமும் இவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கற்பாறையில் தேங்கும் மழைநீரே கிணற்று நீர். முன்பு துலாவால் இறைத்தார்கள். இப்போது பம்பியால் இறைக்கிறார்கள். பூவரசங் குழையும் மாட்டெருவும் தாழ்த்துப் பண்படுத்திய செம்மண்ணில்தான் இந்தக் கத்தரி விளைகிறது.

கடந்த மாசி மாதம் நான் சென்ற தோட்டத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு தாய் காய் பிடுங்கிக் கொண்டிருந்தார். வாடிய குருத்தைக் கண்டால் உடனே கிள்ளிப் பையில் போட்டார். உள்ளே புழு இருக்குமாம், பிறகு எரித்துவிடுவாராம்.

ஒரு பாத்தியில் மட்டும் காய்கள் மஞ்சளாகப் பழுத்துக் கிடந்தன. "அது விதைக்கு விட்டது, பிள்ளை" என்றார். நோயில்லாத நல்ல மரத்தில் பழுக்கவிட்டு, பழத்தைப் பிளந்து தண்ணீரில் பிசைவார். மிதப்பதைக் கழித்து, அடியில் தங்குவதை எடுத்து நிழலில் காயவைத்து, சாம்பல் கலந்து போத்தலில் அடைப்பார்.

"95இலை இடம்பெயரேக்கை நகையோடை விதையையும் சீலைத் தலைப்பிலை முடிஞ்சு கொண்டு சாவகச்சேரிக்குப் போனனான். அடுத்த வருசம் திரும்பி வந்து அதைத்தான் போட்டது" என்றார்.

கடையில் வாங்கும் கலப்பின விதை கூடிய விளைச்சல் தரும். ஆனால் அதன் காயிலிருந்து எடுக்கும் விதை தாயைப்போல் முளைக்காது. ஒவ்வொரு போகமும் காசு கொடுக்க வேண்டும். இந்தத் தாயின் விதைக்குச் செலவில்லை. அதனாலேயே அந்த வேலைக்குக் கணக்கும் இல்லை. "தோட்டம் செய்வது அவர்தான்" என்று கணவரையே காட்டினார்.

சுற்றியிருந்த காணிகளில் வீடுகள் எழும்பிவிட்டன. பிள்ளைகள் தோட்டத்துக்கு வரப்போவதில்லை. "காணி போனாலும் போகட்டும். அதுக்கு முன்னம் விதை நாலு வீட்டுக்குப் போயிட வேணும்" என்றார்.

வீட்டுத்தோட்டம் செய்யும் சகோதரிகள் ஊர்க்கத்தரியில் இரண்டு காயையாவது விதைக்கு விடுங்கள். வேறு இனக் கத்தரியை அருகில் நடாதீர்கள்; பூச்சிகள் மகரந்தத்தைக் கலந்துவிடும். எடுத்த விதையில் பாதியை அயல்வீட்டுக்குக் கொடுங்கள்.