கலம் அறுத்த சாலை

ராஜராஜ சோழன் தன் முதல் பெருமையாகச் சொல்லிக்கொண்ட இடம் திருவனந்தபுரத்தில் ஒரு கடைவீதிக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே இருந்தது கடற்படைப் பள்ளியா, வேதப் பள்ளியா?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலைக் கடைவீதிக்குள் நுழைந்தால் காலை எட்டு மணிக்கே தோள் இடிக்கிறது. தோவாளையிலிருந்து வந்த பூக்கூடைகள், நாகர்கோவில், திருநெல்வேலி பக்கத்துக் காய்கறி மூட்டைகள், நேந்திரங்குலைகள், மிளகு, கயிறு, பித்தளை விளக்கு. பேரம் மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிகிறது. மண்பாண்டம் விற்கும் கடை ஒன்றில் நின்று, “கலம் இருக்கா?” என்று கேட்டேன்.

“சோறு வைக்கவா, மீன் குழம்புக்கா சார்?” என்று பதில் கேள்வி வந்தது. கை பானைப் பக்கம் போனது. மலையாளத்தில் கலம் என்றால் பானை.

எம்.ஏ. தமிழ் வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்த கலம் வேறு. அது கப்பல். 985இல் பட்டத்துக்கு வந்த முதலாம் ராஜராஜன், ஆட்சியின் ஆரம்ப ஆண்டுகளிலேயே காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்தவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிட்டான். பிறகு எத்தனையோ நாடுகளை வென்றும் அந்தப் பெருமையை அவன் விடவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் அது இருக்கிறது. சேரனின் கப்பல்களை அழித்தான் என்று பொருள் சொன்னார்கள். பரீட்சையில் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கினோம். இருபது வருடம் மொழிபெயர்த்துப் பிழைத்த பிறகு, அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பிக்கையோடு இன்னொரு மொழியில் எழுத முடியவில்லை.

இன்றைய கடைவீதி பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவானது. தமிழ் வாசகர்களுக்கு இதை அறிமுகப்படுத்தியவர் ஆ. மாதவன். இங்கேயே கடை வைத்திருந்து, இங்கே நடமாடிய சுமைகாரர்களையும் திருடர்களையும் கதைகளாக்கியவர். 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவர் 2021 ஜனவரியில் மறைந்தார். அவர் எழுத்தில் ‘சாலை’ என்றாலே இந்தத் தெருதான். ஆனால் பெயரின் வேர் தெருவில் இல்லை. பழந்தமிழ்க் கல்வெட்டுகளில் சாலை என்றால் ரோடு அல்ல. பலர் தங்கி, உண்டு, படிக்கிற இடம்.

ஆரியசாலை வழியாகக் கிள்ளிப்பாலம் பக்கம் நடந்தால் இரைச்சல் குறைகிறது. அடுத்தது வலியசாலை. ‘வலிய’ என்றால் மலையாளத்தில் பெரிய. தமிழ் பேசும் அக்கிரகாரம், அருகே கிள்ளியாறு, காந்தளூர் மகாதேவர் கோயில். காந்தளூர்ச் சாலை இருந்தது இங்கேதான் என்பது பலருடைய முடிவு. விழிஞ்சத்தின் பக்கம் தேடுகிறவர்களும் உண்டு. கோயில் இருக்கிறது, பெயர் இருக்கிறது, சாலை இல்லை. ஓர் அஸ்திவாரக் கல்லைக்கூட காட்ட ஆளில்லை.

சாலைக்குள் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ள இன்னொரு ஊருக்குப் போக வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் முஞ்சிறை அருகே பார்த்திவபுரம். 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் மாற்றி வாங்கி, விஷ்ணு கோயில் கட்டி, பக்கத்தில் ஒரு சாலையும் வைத்தான். காந்தளூரில் என்ன முறையோ அதே முறை இங்கும் என்று செப்பேட்டில் எழுதிவைத்தான். கலியுகம் பிறந்ததிலிருந்து எத்தனையாவது நாள் என்பதுவரை அதில் கணக்கு இருக்கிறது. திருவனந்தபுரம் ஹஜூர் கச்சேரியில் கிடந்ததால் ஹஜூர் கச்சேரிச் செப்பேடு என்று பெயர். டி.ஏ. கோபிநாத ராவ் அதைப் பதிப்பித்தார். 1956 நவம்பர் 1இல் எல்லை பிரிந்தபோது நகல் தமிழ்நாட்டுக்கு வந்தது. அசல் கேரளத்தில் நின்றுவிட்டது. அசலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி நகல் சொன்னதுதான்.

செப்பேட்டைப் படித்தால், ஒரு பயிற்சி நிலையத்தின் நிர்வாக உத்தரவைப் படிப்பது போலவே இருக்கிறது. மொத்த இடங்கள் 95. மாணவர்களுக்குச் சட்டர் என்று பெயர். எந்த வேதப் பிரிவுக்கு எத்தனை இடம் என்று ஒதுக்கீடு: பவிழியர் 45, தைத்திரீயர் 36, தலவகாரர் 14. சேருவதற்குத் தகுதி: இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும், மூன்று அரசுகளின் நடைமுறைக்கும் போதுமான அறிவு வேண்டும். அதற்குப் பிறகு ஒழுங்கு விதிகள். சக மாணவரைத் திட்டினால் தண்டம். ஆயுதத்தால் தாக்கினால் கூடுதல் தண்டம். சபை கூடும் இடத்துக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது.

கடைசி விதியில்தான் வரலாற்று ஆசிரியர்கள் நின்றுவிட்டார்கள். வேதம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆயுதம் எதற்கு? கொண்டுவராதே என்று சொல்ல வேண்டுமென்றால் அவர்களிடம் அது இருந்திருக்க வேண்டும். இவை வேதமும் ஆயுதமும் சேர்ந்தே பழகிய பிராமணக் கல்விக்கூடங்கள் என்று எம்.ஜி.எஸ். நாராயணன் வாதாடினார். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி போன்றவர்களுக்குக் கலம் என்பது கப்பலே. உண்கலம்தான் என்ற கட்சியும் உண்டு: அன்னசாலையின் கலங்களை நிறுத்தினான், அல்லது அளவு குறித்தான் என்பது அவர்கள் விளக்கம். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் இந்தப் புதிரோடு மல்லுக்கட்டியவர்களில் ஒருவர்.

மேடைகளில் மட்டும் புதிர் எப்போதோ தீர்ந்துவிட்டது. காந்தளூர்ச் சாலை நாட்டின் முதல் கடற்படைப் பயிற்சிக் கல்லூரி. ராஜராஜன் அதை அழித்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் செப்பேட்டின் விதிகளில் கடல் இல்லை, துடுப்பு இல்லை, பாய்மரம் இல்லை, மாலுமி இல்லை. பார்த்திவபுரத்தை வைத்துக் காந்தளூரைப் புரிந்துகொள்வதானால் இந்த இல்லாமையையும் சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

கப்பல் கட்சிக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. ராஜராஜனின் தளபதி பிடித்த விழிஞ்சத்துக்குக் கடலே அகழி என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. அது வலியசாலையிலிருந்து 20 கிலோமீட்டருக்குள். அங்கே சேரனுக்கோ பாண்டியனுக்கோ கப்பல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு சந்தேகம். ராஜாதிராஜனும் முதலாம் குலோத்துங்கனும்கூட அதே சாலையில் கலம் அறுத்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நூறு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப அறுபட்டது கப்பலா?

எனக்குத் தோன்றும் விளக்கத்தை ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன். ஆயுதம் பழகிய 95 பேர், அல்லது அதைப்போலப் பல மடங்கு பேர், ஓரிடத்தில் தங்கி ஒரே அடுப்பில் உண்கிறார்கள். அந்த அடுப்பை அணைத்தால் அவர்கள் கலைந்துவிடுவார்கள். கட்டடத்தை இடிக்க வேண்டாம். சீருடைச் சேவை எதுவானாலும் ஆள் சேர்வது சம்பளப் பட்டியலிலும் சாப்பாட்டுப் பட்டியலிலும் பெயர் ஏறும்போதுதான். கடற்படையில் ஒரு போர்க்கப்பலை ஓய்வுக்கு அனுப்புவதற்கு ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் சொல்லின் பழைய பொருள், மாலுமிகளின் சம்பளத்தைத் தீர்த்து அனுப்புவது. கப்பலின் சாவைக்கூட ஆட்களின் கணக்கை முடிப்பதாகத்தான் அந்த மொழி பார்க்கிறது. அப்படிப் பார்த்தால் பானைக்கும் கப்பலுக்கும் நடுவே நான் நினைத்த தூரம் இல்லை.

இதே கேரளக் கரையில், கண்ணூருக்கு வடக்கே, சங்கப் புலவர்கள் ஏழில்மலை என்று பாடிய நன்னனின் மலை இருக்கிறது. இன்று எழிமலை. 1987இல் ராஜீவ் காந்தி அடிக்கல் நாட்டி, 2009 ஜனவரி 8இல் மன்மோகன் சிங் திறந்துவைத்த இந்தியக் கடற்படை அகாடமி அங்கே சுமார் 2,450 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. கடற்படையின் பயிற்சிப் பொறுப்பு முழுவதும் கொச்சியிலுள்ள தெற்குக் கட்டளையிடம். கடலோரக் காவல்படையின் இளம் அதிகாரிகளும் எழிமலையில் பயில்கிறார்கள். நட்பு நாடுகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். ஆண்டுக்கு இருமுறை நிறைவு அணிவகுப்பு. வரிசையாக நடந்து வந்து, ‘அந்திம் பக்’ எனப்படும் கடைசி அடியை எடுத்துவைத்தால் மாணவர் அதிகாரியாகிவிடுகிறார். தோளில் பட்டை குத்தப் பெற்றோர் காத்திருக்கிறார்கள்.

பத்திரிகை அலுவலகத்தில் இந்த அணிவகுப்புச் செய்திகளை மொழிபெயர்ப்பது அலுப்பான வேலை. எத்தனை பேர், யார் மரியாதை ஏற்றார், யாருக்குத் தங்கப்பதக்கம். கடைசிப் பத்தியை வெட்டினாலும் யாரும் கேட்பதில்லை. பார்த்திவபுரச் செப்பேட்டைப் படித்த பிறகு அந்தப் பத்தியை வெட்ட எனக்கு மனம் வருவதில்லை. ஆயிரம் ஆண்டு கழித்து ஒரு படையைப் பற்றிக் கேட்பவனுக்கு வெற்றி முழக்கம் உதவவில்லை. 45, 36, 14 என்ற கணக்குதான் உதவியது. யாரைச் சேர்த்தார்கள், யாரைச் சேர்க்கவில்லை என்பது அந்தக் கணக்கில்தான் தெரிகிறது.

சேர்க்காதவர்கள் யார் என்பதும் முக்கியம். மூன்று வேதப் பிரிவுக்கு வெளியே ஒருவருக்கும் அங்கே இடமில்லை. பெண்கள் பேச்சே இல்லை. விழிஞ்சத்திலும் தூத்தூரிலும் பிறந்ததிலிருந்து அலையைப் படித்தவர்கள் எந்தச் சட்டரின் பட்டியலிலும் இல்லை. சாலை கடற்படைப் பள்ளியே என்று வைத்துக்கொண்டாலும், கடல் தெரிந்தவன் வாசலுக்கு வெளியேதான் நின்றிருப்பான்.

இந்தக் கணக்கு மாற நெடுங்காலம் ஆனது. இந்தியக் கடற்படை பெண் அதிகாரிகளை எடுக்கத் தொடங்கியது 1992இல். ஒடிசாவின் சில்காவில் 2023 மார்ச்சில் அக்னிவீரர்களின் முதல் அணி வெளியேறியபோது அதில் 270க்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். நான்கு ஆண்டு முடிந்தபின் கால்வாசிப் பேருக்கு மேல் நிலைக்க இடமில்லை என்பது அந்தத் திட்டத்தின் மீதுள்ள வழக்கு. கலத்தில் சோறு எத்தனை ஆண்டுக்கு என்ற பழைய கேள்வியின் புதிய வடிவம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் விழிஞ்சத்திலும் தூத்தூர் கரையிலும் வீடு வீடாக ஆட்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு கேரள அரசு கடலோரப் போலீஸ் நிலையங்களுக்கு மீனவக் குடும்பங்களிலிருந்தே வார்டன்களை எடுத்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஊர் ஊராக ஆட்களை மீட்டதும் அதே கரைக்காரர்கள்தான். காக்கிச் சட்டை கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

வலியசாலையிலிருந்து திரும்பும்போது கடைவீதியில் கூட்டம் இன்னும் கூடியிருந்தது. பானைக் கடைக்காரர் நினைவு வைத்திருந்தார். “கலம் வேண்டாமா சார்?”

ஒன்று வாங்கிக்கொண்டேன். சோறு வைக்கிற அளவு.